மாதரும் இரத்தப் பரிசோதனையும்

இப்பகுதிக்கு வரும் கடிதங்களில் அண்மைக் காலமாக ஒரே வினா பல கைகளால் எழுதப்பட்டு வருகின்றது. “பெண்களுக்கான முழுமையான இரத்தப் பரிசோதனை என்று விளம்பரஞ் செய்கின்றார்களே, அதனை வருடந்தோறும் செய்துகொள்ளுதல் அவசியந்தானா? ஓமோன்கள் யாவற்றையும் ஒரே தடவையில் அளந்துவிடலாம் என்கின்றார்களே, அஃது உண்மையா?” என்பதே அவ்வினா. கேட்பவர்களுள் இளந்தாய்மாரும் உளர். பேரப்பிள்ளை கண்டவர்களும் உளர். ஒரு சகோதரியார், பூப்பெய்தி ஓராண்டு கழிந்த தமது மகளுக்கு மாதவிடாய் ஒழுங்கின்றி வருவதைக் கூறி, எந்தப் பொதியை வாங்குவது நல்லது என்றே கேட்டுவிட்டார். சவர்க்காரமும் தேயிலையும் பொதியாக வாங்குவது போல நோயறியும் வழியையும் பொதியாக வாங்கும் காலத்துக்கு வந்துவிட்டோம் போலும்!

வருடந்தோறும் அத்தகைய பொதியை வாங்கவேண்டிய தேவை பெரும்பாலானோர்க்கு இல்லை என்பதே சுருக்கமான விடை. ஆயின் அவ்வளவில் நிறுத்திவிட்டால் தீங்கு விளையும். நான் அறிந்த குடும்பங்களில், வேண்டாத பரிசோதனைக்குப் பணத்தை இறைக்கும் பெண்களைக் காட்டிலும், மிக வேண்டிய ஒரு பரிசோதனையைத்தானும் பிள்ளைப்பேற்றுக் காலத்தின் பின்னர் செய்துகொள்ளாத பெண்களே அதிகம். வயிற்றிற் பிள்ளை இருக்கும்வரை கிளினிக்கிலே இரத்தம் எடுப்பார்கள், சீனி பார்ப்பார்கள், நிறை பார்ப்பார்கள். பிள்ளை பிறந்த பின்னர் பிள்ளையின் நிறையைத்தான் எல்லாரும் கேட்பர். தாயின் இரத்தத்தைக் கேட்பார் இலர்.

இரத்தப் பரிசோதனை என்பது ஒரு விடை. அதற்கு முன்னே வினா ஒன்று இருத்தல் வேண்டும். “எனக்கு ஏன் இவ்வளவு களைப்பு?” என்பது வினா. “என் தாய்க்கும் தமையனுக்கும் நீரிழிவு உண்டு, எனக்கும் தொடங்கிவிட்டதா?” என்பது வினா. “எதற்கும் ஒருமுறை எல்லாவற்றையும் பார்த்துவிடுவோம்” என்பது வினாவன்று. ஆசிரியத் தொழிலில் உள்ளவர்கள் இதனை எளிதில் உணர்வர். வினாவை வாசியாது நாற்பது விடைகளை எழுதி வைக்கும் மாணவனுக்கு எத்தனை புள்ளி போடுவது?

அறிக்கையில் ஒவ்வோர் இலக்கத்துக்கும் பக்கத்தே ஓர் எல்லை அச்சிடப்பட்டிருக்கக் காண்கின்றோம். அதற்கு வெளியே நிற்கும் இலக்கத்துக்கு நட்சத்திரக் குறியிட்டிருப்பார்கள். அக்குறியைக் கண்டதும் நெஞ்சு திடுக்கிடுகின்றது. அவ்வெல்லை எங்ஙனம் வந்தது என்பதைத் தெரிந்துகொண்டால் திடுக்கம் சற்றுக் குறையும். சீனி, கொலஸ்திரோல் போன்ற சிலவற்றுக்கு நோயின் அபாயத்தை நோக்கி எல்லை வகுத்துள்ளார்கள். மற்றைப் பலவற்றுக்கோ, நலமாயுள்ள பலரின் இரத்தத்தை அளந்து, நடுவில் அமைந்த நூற்றுக்கு 95 பேரின் அளவுகளையே வழமையான எல்லையெனக் கொள்கின்றனர். ஆகவே நோயேதுமற்ற நூறு பேரில் ஐவர், எல்லையை வகுத்த முறையினாலேயே, அதற்கு வெளியே நிற்பர். இப்பொழுது சிறிது கணக்குப் பார்ப்போம். நலமுள்ள ஒருத்தி ஒரு பரிசோதனையில் எல்லைக்குள் நிற்பதற்கான நிகழ்தகவு 0.95. ஒன்றையொன்று சாராத 20 பரிசோதனைகளிலும் எல்லைக்குள் நிற்க வேண்டுமாயின் 0.95 ஐ இருபது முறை பெருக்குதல் வேண்டும். வருவது ஏறத்தாழ 0.36. அதாவது, நலமுள்ள பெண்களுள் நூற்றுக்கு 64 பேருக்கு ஒரு நட்சத்திரமாவது விழுந்தே தீரும்! நாற்பது பரிசோதனையாயின் 87 பேருக்கு. உடலின் அளவுகள் பல ஒன்றையொன்று சார்ந்தவை ஆதலின் உண்மையில் இத்தொகை சிறிது குறையும். எனினும் வினாவின்றி அளப்பவர்கள் நோயை வாங்காவிட்டாலும் அச்சத்தை வாங்கிக்கொண்டு வீடு திரும்புவது எதனால் என்பது இக்கணக்கினால் விளங்கும்.

என்னோடு ஒருங்கு பயின்று இன்று வேறொரு பாடசாலையிற் கற்பிக்கும் தோழியொருவரின் வரலாற்றை, அவருடைய சம்மதத்தோடு இங்கே சொல்லுகின்றேன். அவருக்கு வயது 43, பிள்ளைகள் இருவர். இரண்டாண்டுகளாக ஓயாத களைப்பு. மேல்மாடி வகுப்புக்கு ஏறினால் நெஞ்சு படபடக்கும், தலைமயிர் கொட்டும், இரவிற் படுத்தால் கால்கள் ஓரிடத்தில் நில்லா. பச்சையரிசியை வாயிலிட்டு மெல்லும் பழக்கமும் எப்படியோ தொற்றிக்கொண்டது. “வயது போகின்றதல்லவா?” என்றார் கணவர். “இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு உடம்பு வளையாது” என்றார் மாமியார். ஈற்றில் அவர் தம் சம்பளத்திலே மிச்சம் பிடித்து, பெண்களுக்கான முழுமையான பரிசோதனை ஒன்றைச் செய்துகொண்டார். நாற்பதுக்கு மேற்பட்ட இலக்கங்கள் வந்தன. ஈரலோடு தொடர்புடைய ஓர் அளவு சிறிது கூட, உயிர்ச்சத்து டீ சிறிது குறைய, இரண்டு நட்சத்திரங்கள். ஈரல் என்றதும் வீடே கலங்கிற்று. ஸ்கான் எடுத்தார்கள், ஈரலில் ஒரு குறையும் இல்லை. ஈமோகுளோபின் 12.1, அதற்கு நட்சத்திரம் இல்லை. ஈஸ்திரஜனும் புரொஜெஸ்தரோனும் அளந்த அப்பொதியில், உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் பெரிற்றின் என்னும் பரிசோதனை இடம்பெறவில்லை.

சில மாதங்களின் பின், தடிமலுக்கு மருந்து எடுக்கவென்று அரசினர் வைத்தியசாலையின் வெளிநோயாளர் பகுதிக்குச் சென்றவரின் வெளிறிய முகத்தை அங்கிருந்த இளம் வைத்தியப் பெண்மணி கவனித்தார். ஊசியைத் தொடுமுன் அவர் மூன்று வினாக்களைக் கேட்டார். மாதவிடாய் எத்தனை நாள் நீடிக்கின்றது? கட்டி கட்டியாகப் போகின்றதா? இரவில் எழுந்து துணி மாற்ற வேண்டியிருக்கின்றதா? எட்டு, ஒன்பது நாள், ஆம், ஆம். இதனை என் தோழி அதற்கு முன்னர் எவருக்கும் சொன்னதில்லை; கணவருக்கும் சொன்னதில்லை. எல்லாப் பெண்களுக்கும் உள்ளதுதானே என்று இருந்துவிட்டார். பெரிற்றின் பார்த்தபோது 6. பின்னர் எடுத்த ஸ்கானில் கருப்பையில் நார்க்கட்டி இருப்பது தெரிந்தது. குருதிப்போக்கைக் குறைக்க மருந்தும், இரும்புச்சத்து மாத்திரையுங் கொடுத்தார்கள். நான்காம் மாதம் மேல்மாடிப் படிகள் அவருக்குப் பெரிதாகத் தோன்றவில்லை. அரிசி மெல்லுவதை எப்போது விட்டார் என்று கேட்டால், அவருக்கே தெரியாது.

இரும்பின் கணக்கைச் சற்று விரித்துக் கூறுதல் தகும். நம் வீட்டுப் பெண்களின் களைப்பிற் பெரும்பங்கு இதனுள் அடங்கிக் கிடக்கின்றது. மாதவிடாயில் ஒரு பெண் சாதாரணமாக 30 தொடக்கம் 40 மில்லிலீற்றர் குருதியை இழக்கின்றாள். 80 மில்லிலீற்றருக்கு மேற்பட்டால் அது மிகை. ஒரு மில்லிலீற்றர் குருதியில் ஏறக்குறைய அரை மில்லிகிராம் இரும்பு உண்டு. ஆகவே 80 மில்லிலீற்றர் இழப்பவள் மாதம் 40 மில்லிகிராம் இரும்பை இழக்கின்றாள். அதை ஈடுசெய்ய மட்டும் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒன்றரை மில்லிகிராம் வேண்டும்; தோலினாலும் குடலினாலும் எல்லார்க்கும் உண்டாகும் கழிவுக்கு மேலும் ஒரு மில்லிகிராம் அளவு வேண்டும். உணவிலிருந்து உடல் நாள்தோறும் ஈர்த்துக்கொள்வதோ ஒன்று தொடக்கம் இரண்டு மில்லிகிராம். வரவு இரண்டு, செலவு இரண்டரை. இக்குடும்பம் எத்தனை காலம் கடனின்றி நடக்கும்?

நடக்கும், சேமிப்பு உள்ளவரை. வீட்டுக் களஞ்சியத்தில் நெல் குறைந்துகொண்டே போனாலும் அடுப்பிலே உலை வழமைபோலக் கொதித்துக்கொண்டிருக்கும்; களஞ்சியம் வெறுமையான பின்னரே உலை தணியும். பெரிற்றின் களஞ்சியத்தைக் காட்டுவது. ஈமோகுளோபின் உலையைக் காட்டுவது. கருவுறாத பெண்களுக்கு ஈமோகுளோபின் தெசிலீற்றருக்கு 12 கிராமிலுங் குறைந்தாற் குருதிச்சோகை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. 12.1 என்பது அவ்வரையறையைத் தாண்டிவிட்டது. ஆனால் களஞ்சியத்தில் ஒன்றும் இல்லை. நலமுள்ளவரிடத்தில் பெரிற்றின் லீற்றருக்கு 15 மைக்கிரோகிராமிலுங் குறைந்தால் இரும்புக் குறைபாடு என அந்நிறுவனம் 2020 ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டியிற் கூறுகின்றது. காய்ச்சலோ அழற்சியோ உள்ளபோது பெரிற்றின் பொய்யாக உயர்ந்து நிற்கும். ஆதலின் அவ்வேளையில் 70 வரையும் ஐயத்துக்குரியதே. காய்ச்சல் காய்ந்த கிழமையிலே இப்பரிசோதனையைச் செய்துவிட்டு, “எனக்கு இரும்பு போதியதாக உள்ளது” என்று மகிழ்தல் ஆகாது.

சோற்றோடும் கீரையோடும் வரும் இரும்பு குடலில் எளிதில் ஈர்க்கப்படாத வகையினது. சாப்பிட்ட கையோடு தேநீர் குடித்தால் தேயிலையிலுள்ள துவர்ப்பொருள் அதனைப் பற்றி வைத்துக்கொள்ளும். அதே சோற்றோடு தேசிக்காய்ப் புளி சேர்த்தால் ஈர்ப்புக் கூடும். நாம் செய்வது யாதெனில், முருங்கையிலைச் சுண்டல் உண்ட மறுகணமே தேநீருக்கு அடுப்பு மூட்டுவது. இரும்பு மாத்திரையையும் தேநீரோடு விழுங்கும் தாய்மாரைக் கண்டிருக்கின்றேன். தேநீரைச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரமாவது தள்ளிவைத்தல் செலவில்லாத மருந்து. எனினும் மாதம் 80 மில்லிலீற்றருக்கு மேல் இழப்பவளுக்குக் கீரை மட்டும் போதாது. இழப்பின் காரணத்தைக் காணுதல் வேண்டும்.

இன்னொன்றையும் இவ்விடத்திற் சொல்லவேண்டும். செங்குழியங்கள் சிறுத்திருந்தாற் காரணம் எப்போதும் இரும்புக் குறைவே என்று எண்ணிவிடலாகாது. பெரிற்றின் நிறைவாய் இருக்கவும் குழியங்கள் சிறுத்திருப்பின், தலசீமியாவின் காவியாக அப்பெண் இருக்கக்கூடும். அவளுக்கு யாதொரு நோயும் இல்லை; இரும்பு மாத்திரையாற் பயனும் இல்லை. ஆனால் அவளைப் போன்ற காவி ஒருவனை மணந்தால், பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் கடுமையான தலசீமியா வாய்க்க நான்கிலொரு வாய்ப்பு உண்டு. அப்பிள்ளை மாதந்தோறும் பிறர் குருதியை ஏற்றியே வாழவேண்டியிருக்கும். இந்நோய் நம் நாட்டிற் புதிதன்று. குருநாகலில் இதற்கென நிலையமே உண்டு. சாதகப் பொருத்தம் பத்தையும் சாத்திரியாரிடம் கேட்டுத் தெளியும் நாம், திருமணத்துக்கு முன் இவ்விரத்தப் பொருத்தத்தையும் வைத்தியரிடங் கேட்டாற் குறைந்துவிடுவோமா? கட்டாயமாக எல்லாரும் செய்துகொள்ள வேண்டிய பரிசோதனை ஒன்றைச் சொல்லுக என்றால், மணமாகவிருக்கும் பிள்ளைகளுக்கு நான் இதனையே சொல்லுவேன்.

இனி ஓமோன்கள். ஓமோன் என்னுஞ் சொல்லை 1905 ஆம் ஆண்டில் வழக்கிற்குக் கொணர்ந்தவர் ஏணஸ்ற் ஸ்ராலிங் என்னும் ஆங்கிலேய உடற்றொழிலியல் அறிஞர். சொல் கிடைத்தும் பொருளை இரத்தத்தில் அளக்க நெடுங்காலம் இயலவில்லை. ஒரு மில்லிலீற்றர் குருதியில் ஓமோன் இருப்பது ஒரு கிராமின் நூறு கோடியிலொரு பங்கு என்னும் அளவில். சிலவேளை அதனிலுங் குறைவு. 1950 களின் பிற்பகுதியில் நியூயோர்க் நகரிலே ரோசலின் யலோ என்னும் பௌதிகவியற் பெண்மணியும், சொலமன் பேர்சன் என்னும் வைத்தியரும், கதிர்வீசும் அயடீனைக் குறியாகக் கொண்டு இரத்தத்திலுள்ள இன்சுலினை அளக்கும் முறையைக் கண்டனர். அதுவே பின்னர் ஏனைய ஓமோன்களுக்கும் வழி திறந்தது. பேர்சன் 1972 இற் காலமாகிவிட, 1977 ஆம் ஆண்டின் நோபெல் பரிசு யலோ அம்மையாருக்குக் கிடைத்தது. மருத்துவத்துக்கான அப்பரிசைப் பெற்ற பெண்களுள் அவர் இரண்டாமவர். தாங்கள் கண்ட முறைக்கு அவர்கள் காப்புரிமை பெறவில்லை என்பதையும் இங்கு நினைத்தல் நன்று. இன்று அதே வித்தையின் வழித்தோன்றல்கள் வண்ணப் பொதிகளில் விற்பனையாகின்றன!

அவ்வளவு நுண்மையாக அளக்க முடிந்தும் ஒரு சிக்கல் உண்டு. பெண்ணின் ஓமோன்கள் ஓரிடத்தில் நிற்பனவல்ல. புரொஜெஸ்தரோன் என்பது மாதத்தின் முற்பாதியில் மிகத் தாழ்ந்திருந்து, சூலகத்தினின்று முட்டை வெளியான பின்னரே எழும். ஆகவே முட்டை வெளியாயிற்றா என்று அறிவதற்காக அதனை அளப்பவர், அடுத்த மாதவிடாய்க்கு ஏழு நாள் முன்னதாக அளத்தல் வேண்டும். 28 நாட் சுற்று உள்ளவளுக்கு அது 21 ஆம் நாள். 35 நாட் சுற்று உள்ளவளுக்கு 28 ஆம் நாள். எல்லாருக்கும் 21 என்று எழுதினால் பின்னவளுக்குப் பொய்யான மலட்டுப் பட்டம் சூட்டியதாகிவிடும். கபச்சுரப்பியினின்று சூலகத்தைத் தூண்ட வரும் எஃப்.எஸ்.எச். என்னும் ஓமோனையோ, மாதவிடாய் தொடங்கிய இரண்டாம் நாள் தொடக்கம் ஐந்தாம் நாளுக்குள் அளப்பர். கருத்தடை மாத்திரை எடுப்பவளிடத்தில் இவ்வளவுகள் மாத்திரையின் செயலைக் காட்டுமேயன்றி அவளது இயல்பைக் காட்டா. ஞாயிற்றுக்கிழமை ஓய்வாயிருக்கின்றது என்று சென்று, எந்த நாள் என்பதையும் எழுதாது கொடுத்துவரும் இரத்தத்தில் இவற்றையெல்லாம் ஒருங்கே அளந்து என்ன பயன்? கடலின் ஆழத்தை வற்றுப்பெருக்கு அறியாது அளப்பவன் கதைதான்.

மாதவிடாய் நிற்குங் காலத்தை அடைந்தவர்கள் பலர், “எஃப்.எஸ்.எச். பார்த்தால் தெரிந்துவிடுமாமே” என்று எழுதியுள்ளனர். நாற்பத்தைந்து வயதைத் தாண்டியவருக்கு, மாதவிடாய் தாறுமாறாகி, உடல் திடீரெனக் காந்தி வியர்த்து, உறக்கமுங் கெடுமாயின், அவ்வறிகுறிகளே போதும். இவ்விரத்தப் பரிசோதனை வேண்டியதில்லை என்று பிரித்தானியாவின் வைத்திய வழிகாட்டி 2015 ஆம் ஆண்டிலேயே கூறிவிட்டது. அக்காலத்தில் அவ்வோமோன் இன்று உயர்ந்து அடுத்த மாதம் தாழும். நாற்பது வயதுக்கு முன்னரே மாதவிடாய் நிற்கத் தொடங்கினாலோ கதை வேறு. அங்கே பரிசோதனை இன்றியமையாதது; காலத்துக்கு முந்திய அவ்விழப்பினால் என்பும் இருதயமும் பாதிப்புறும். மாதவிடாய் முற்றாக நின்று ஓராண்டு கழிந்தபின் மீண்டும் குருதி கண்டால், ஒரு துளியாயினும் சரி, ஆய்வுகூடத்துக்கன்று, உடனடியாக வைத்தியரிடம் செல்லுங்கள். கருப்பைப் புற்றுநோயின் முதற் குறி அதுவாகலாம். இரத்தப் பரிசோதனை அதனைக் காட்டாது.

மகளைப் பற்றி எழுதிய சகோதரியார்க்கு இது. பூப்பெய்திய முதலாண்டில் ஒழுங்கின்மை இயல்பே. அடுத்த ஈராண்டுகளில் 21 நாளுக்கும் 45 நாளுக்கும் இடையில் வருமாயின் அதுவும் இயல்பே. முதலாண்டின் பின் தொண்ணூறு நாளுக்கு மேல் ஒருமுறையேனும் வராதிருந்தாலோ, முகத்தில் அடர்ந்த உரோமமும் கடும் பருக்களும் தோன்றினாலோ வைத்தியரிடங் காட்டுதல் வேண்டும். பல்பை சூலகம் என்று இன்று பலரும் பேசும் நிலைமையை வளர்ந்த பெண்களிடத்துக் கண்டறிவதற்கு ஸ்கானும், அல்லது ஏ.எம்.எச். என்னும் இரத்தப் பரிசோதனையும் உதவும். ஆனால் பருவப்பிள்ளைகளிடத்து இவ்விரண்டையுமே அதற்காகப் பயன்படுத்தலாகாது என்று 2023 ஆம் ஆண்டின் சர்வதேச வழிகாட்டி கூறுகின்றது. ஏனெனில் நலமுள்ள பருவப்பிள்ளைகளிடத்தும் அவை உயர்வாகவே காணப்படும். பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு நோயின் பெயரொன்றைச் சூட்டி, “உனக்குப் பிள்ளை பிறக்குமோ என்னவோ” என்று வீட்டார் பேசுவதை அவள் செவியில் விழவிடுதல் கொடுமை. உங்கள் மகளிடம் ஒரு நாட்காட்டியைக் கொடுத்து மாதவிடாய் வரும் நாள்களைக் குறித்துவரச் சொல்லுங்கள். அதுவே இப்போதைக்கு அவளுக்கு வேண்டிய பரிசோதனை.

தைரொயிட்டுச் சுரப்பியின் குறைவு ஆண்களிலும் பெண்களிடத்தே பன்மடங்கு அதிகமாகக் காணப்படுவது. முன்னாளிலே தென்மேற்கு மாவட்டங்களில் அயடீன் குறைவினாற் கண்டக்கழலை மிகுந்திருந்தது. 1995 தொடக்கம் உப்பிலே அயடீன் சேர்ப்பதைச் சட்டமாக்கினார்கள். இன்று பெரும்பாலும் உடலின் தற்காப்புச் சத்தியே சுரப்பியைத் தாக்குவதனாற் குறைவு உண்டாகின்றது. காரணமின்றி நிறை கூடல், குளிர் தாங்காமை, மலச்சிக்கல், மனச்சோர்வு, மிகையான மாதவிடாய் ஆகியன உள்ளவர் ரீ.எஸ்.எச். என்னும் ஒரு பரிசோதனையோடு தொடங்கலாம். அது வழமையாயின் மற்றவை பெரும்பாலும் வேண்டா. மயிருக்கும் நகத்துக்கும் என விற்கப்படும் பயோற்றின் மாத்திரைகளை எடுப்பவர்கள் அதனைச் சொல்லாது விடலாகாது. அம்மாத்திரை சில கருவிகளில் இவ்வளவைப் பொய்யாகத் தாழ்த்திக் காட்டும். அமெரிக்க அரசின் மருந்து நிருவாகம் 2017 இல் இதுபற்றி எச்சரித்திருக்கின்றது. களைப்பினால் மயிர் கொட்ட, மயிருக்கென மாத்திரை வாங்கி, அம்மாத்திரையாற் களைப்பின் காரணம் மறைந்துபோவது எத்தகைய விந்தை!

நீரிழிவைப் பற்றி இப்பகுதியில் முன்னரும் எழுதியிருப்பதால் இங்கே இரண்டு சொற்கள் மட்டும். கருவுற்ற காலத்திற் சீனி ஏறி, பிள்ளை பிறந்ததும் இறங்கியவர்கள் தப்பிவிட்டோம் என்று எண்ணற்க. பிள்ளைப்பேற்றின் பின் ஆறு தொடக்கம் பன்னிரண்டு கிழமைக்குள் ஒருமுறையும், பின்னர் வாழ்நாள் முழுதும் ஒன்று தொடக்கம் மூன்று ஆண்டுக்கு ஒருமுறையும் அவர்கள் பார்த்துக்கொள்ளுதல் வேண்டும். மூன்று மாதச் சீனியைக் காட்டும் எச்.பீ.ஏ.1.சீ. என்னும் பரிசோதனை செங்குழியத்தின் ஏறக்குறைய 120 நாள் ஆயுளை நம்பி நிற்பது. இரும்புக் குறைவு உள்ளவளிடத்து அது உள்ளதிலும் உயர்த்திக் காட்டக்கூடும். தலசீமியாவும் அதனைப் பிறழச் செய்யும். ஆகவே அத்தகையோர்க்கு வெறுவயிற்றுச் சீனியே நம்பத்தக்கது.

உயிர்ச்சத்து டீயை நலமுள்ள வளர்ந்தோர் எல்லாரிடத்தும் வழமையாக அளக்க வேண்டியதில்லை என்று அமெரிக்க ஓமோன் வைத்தியர் சங்கம் 2024 இற் கூறிவிட்டது. புற்றுநோய்க் குறிகள் என்று பொதியிற் சேர்ப்பவை இதனினும் வில்லங்கமானவை. சூலகப் புற்றுநோய்க்கெனச் சொல்லப்படும் சீ.ஏ.125 மாதவிடாயின்போதும் உயரும், நார்க்கட்டியாலும் உயரும். பிரித்தானியாவில் இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட பெண்களைப் பல்லாண்டு தொடர்ந்து பார்த்து, 2021 இல் வெளியிட்ட முடிவில், இதனைக் கொண்டு தேடிப் பார்த்ததனால் சூலகப் புற்றுநோய் மரணங்கள் குறையவில்லை எனக் கண்டனர். கருப்பைக் கழுத்துப் புற்றுநோயை எந்த இரத்தப் பரிசோதனையும் காட்டாது. அதனை முன்கூட்டியே அறிவதற்கோ, 1996 தொடக்கம் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளின் கீழ் மகளிர் சுகநலக் கிளினிக்குகள் நடைபெறுகின்றன. ‘சுவநாரி’ என்றாற் பலருக்கும் தெரியும். 35 வயதிலும் 45 வயதிலும் பெண்களை அழைத்து இலவசமாகவே பார்க்கின்றார்கள். மார்பகத்தையும் குருதியமுக்கத்தையும் பார்க்கின்றார்கள். நம் வீதியாற் செல்லும் குடும்பநல உத்தியோகத்தரைக் கேட்டால் எந்த நாள் என்று சொல்லுவார். “அங்கே போனால் தெரிந்தவர்கள் காண்பார்களே” என்று கூசி, பணங் கொடுத்து வேறெங்கோ இரத்தம் எடுக்கச் செல்லும் படித்த பெண்களை நான் அறிவேன். கூச்சத்துக்கு விலை கொடுக்கின்றார்கள். நோய்க்கு வழி திறந்தே கிடக்கின்றது.

இரத்தங் கொடுக்கச் செல்பவர்களுக்குச் சில நடைமுறைக் குறிப்புகள். வெறுவயிறு என்றால் எட்டு மணி நேரத்துக்குக் குறையாத பட்டினி, தண்ணீர் குடிக்கலாம். கந்தசட்டி போன்ற நெடுவிரத நாள்களில் இரத்தங் கொடாதீர்கள். நீண்ட பட்டினி சீனியையும் ஈரல் அளவுகளையும் மாற்றிக் காட்டும். வழமையாக உண்டு வழமையாக உறங்கிய ஒரு நாளே ஏற்றது. செல்லுமுன் ஒரு கொப்பியில், கடைசி மாதவிடாய் தொடங்கிய திகதி, அது நீடித்த நாள், துணியோ அணையாடையோ நாளுக்கு எத்தனை மாற்றினீர்கள், என்னென்ன மாத்திரை எடுக்கின்றீர்கள், தாய்க்கும் சகோதரிகளுக்கும் உள்ள நோய்கள் ஆகியவற்றை எழுதிக்கொள்ளுங்கள். வாயினாற் சொல்லக் கூசினால் கொப்பியை நீட்டிவிடலாம். வைத்தியரிடம் கேட்க வேண்டியதும் ஒன்று உண்டு: “இவ்விலக்கம் கூடினால் என்ன செய்வீர்கள், குறைந்தால் என்ன செய்வீர்கள்?” இரண்டுக்கும் விடை ஒன்றே என்றால் அப்பரிசோதனையைத் தவிர்த்துவிடலாம்.

பழைய அறிக்கைகளை எறியாது உறையொன்றிற் சேர்த்து வையுங்கள். 13.4 ஆயிருந்த ஈமோகுளோபின் இரண்டாண்டில் 12.1 ஆனது என்பதை நட்சத்திரம் காட்டாது. பழைய தாள் காட்டும். நார்க்கட்டிக்குக் கருப்பையை நீக்கித்தான் ஆகவேண்டுமா என்று கேட்டு வந்துள்ள கடிதங்களுக்கு அடுத்த கிழமை விடை எழுதுவேன்.